ரேடியோ ஏறினால் நிற்கும் வண்டி

எறும்பின் அண்ணனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தது யார் என்று தெருவில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ‘நான்தான் வைத்தேன்’ என்று சொல்லாத ஆளே கிடையாது.

யார் வைத்தாலும் பொருத்தமான பெயர். மற்றக் குழந்தைகள் பிறந்ததும் அழும். இவன் அழவில்லை. கட்டிலைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள், யாருடைய சட்டையில் பித்தான் அறுந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நம்பாதவர்கள் எதிர்வீட்டுப் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம். அது அப்போது பிறக்கவே இல்லைதான். ஆனாலும் தலையாட்டும்.

காலையில் கண் விழித்ததும் அவனுடைய ஒலிபரப்பு தொடங்கிவிடும்.

“நேயர்களே! இதோ, அம்மா சமையலறையிலிருந்து வெளியே வருகிறார். கையில் கரண்டி! பல் தேய்க்காத ஒருவனைத் தேடுகிறார். அந்தப் பாவப்பட்டவன் யார்? நேயர்களே, அது நான்தான்!”

“முதல்ல பல்லத் தேய்டா. அப்புறம் நியூஸ் வாசி” என்பார் அம்மா.

அவன் தங்கைக்கு ஒன்பது வயது. ஆள் கடுகளவு இருப்பாள். எப்போது பார்த்தாலும் எதையாவது தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்க்கொண்டிருப்பாள். அதனால் அவள் எறும்பு.

ரேடியோவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் வலு கிடையாது. இரண்டு ஊன்றுகோல்கள் வைத்திருந்தான். சமமான தரையில் அவன் ஊன்றிக்கொண்டு போகும் வேகத்துக்குத் தெருநாய்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். சிக்கல் சமமான தரையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளி தெருமுனையிலேயே. ஆறாம் வகுப்புக்குக் குன்றின்மேல் ஏறவேண்டும். அந்தக் கற்பாதையைப் போய் ‘ஏற்றம்’ என்று சொன்னால் சுவர்களுக்குக் கோபம் வரும். அவ்வளவு செங்குத்து. காக்காய்கூடப் பாதி வழி பறந்துவிட்டு, மீதியை ‘அப்பாடா, அம்மாடா’ என்று நடந்துதான் கடக்கும். வாடகைக் கார்காரர்கள் அந்தப் பாதையைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

அப்பா அவனை முதுகில் சுமந்துகொண்டு போனார். கொஞ்ச நாள் போனது. ஒருநாள் பாதி ஏற்றத்தில் அப்பாவின் இடுப்பில் ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மலையே விரிசல் விட்டதோ என்று மேலே பள்ளிக்கூடத்தில் மணியடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பா கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தார். ரேடியோவின் ஆறாம் வகுப்பும் வீட்டில் படுத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் பள்ளியிலிருந்து விளையாட்டு ஆசிரியை வந்தார். “சனிக்கிழமை விளையாட்டு விழா. மைக் பிடிச்சு வர்ணனை சொல்ல ஒரு ஆள் வேணும். உன்னை விட்டா யாருடா இருக்கா?” என்றார்.

ரேடியோவின் வாய் அப்படியே திறந்து நின்றது. மைக்! வாயாலேயே ஊரைக் கூட்டுகிறவன் கையில் மைக்!

“மேல எப்படி மிஸ் வருவான்?” என்று படுத்தபடியே கேட்டார் அப்பா.

“நான் கொண்டாந்து சேர்க்கிறேன்” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மாவின் தம்பி, மெக்கானிக் மாமா. அவர் உள்ளே வருவதற்கு முன் அவருடைய மூக்கு வந்தது. அந்த மூக்கின் நுனியில் எப்போதும் ஒரு பொட்டு கிரீஸ் இருக்கும்.

மாமா ஒரு நாலுசக்கர வண்டியைக் கட்டினார். வயல்வெளியில் ஓடித் தேய்ந்துபோன பழைய வண்டி ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. குண்டு குண்டான நான்கு டயர்கள் கிடைத்தன. ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றி அதில் பொருத்தினார். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து குடிக்கிற எஞ்சின் அது. உதைத்தால் போதும், ‘டர்ர்ர்ர்’ என்று ஏழு ஊருக்குக் கேட்கும். எட்டாவது ஊரில் குழந்தை எழுந்து அழும்.

முன்னால் ஓட்டுபவருக்கு ஓர் இருக்கை. அம்மா ஓட்டுவார். அவர் வேலை பார்க்கும் ரொட்டிக் கடையில் மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பழகிய கை. பின்னால் ரேடியோவுக்கு ஓர் இருக்கை வேண்டும்.

“அந்த சீட்டை மட்டும் என்கிட்ட விட்டுருங்க” என்றார் அப்பா.

அப்பாவுக்கு சோபா தைப்பதுதான் தொழில். இடுப்பு வலியோடு, படுத்தபடியே தைத்தார். எப்படிப்பட்ட இருக்கை தெரியுமா? அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. மறுநாள்தான் எழுந்தது. அவ்வளவு சுகம்! அடியில் பலகை வைத்தால் பையனுக்கு உறுத்தும் என்று, சோபாவுக்குப் பின்னுவதுபோல நாடாப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே மெத்தென்ற ஸ்பாஞ்சு வைத்து, நீலத் துணி போர்த்தியிருந்தார்.

“அத்தான், இது சீட் இல்ல, சிம்மாசனம்!” என்றார் மாமா.

வண்டி தயார். இனி கார்புரேட்டரை டியூன் செய்ய வேண்டும்.

எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையும் காற்றையும் சரியாகக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் கூடினால் எஞ்சின் இருமும். காற்று கூடினால் கத்தும். இரண்டும் சரியாக இருந்தால் பாடும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏனென்றால் மாமா இதைத் தெருவுக்கே கேட்கும்படி தினமும் கத்திக்கொண்டிருப்பார்.

அந்தக் கார்புரேட்டர் பின் இருக்கைக்கு அடியில் இருந்தது. பக்கத்திலேயே, அது காற்று இழுக்கும் வாய். அதன்மேல் தூசி போகாமல் வட்டமாக ஒரு வடிகட்டி. ஆகவே மாமா நீல இருக்கையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“எல்லாரும் அமைதி! எஞ்சின் பேசறத நான் கேக்கணும்.”

மாமா டியூன் செய்யும்போது யாரும் மூச்சு விடக் கூடாது. தெருவில் குழாய்கள் சொட்டுவதை நிறுத்திக்கொள்ளும். எதிர்வீட்டுப் பூனை கொட்டாவியைப் பாதியில் விழுங்கும். ஆனால் ரேடியோவால் மட்டும் முடியாது.

“நேயர்களே! மாமா கண்ணை மூடிவிட்டார். தூங்குகிறாரா, வேலை பார்க்கிறாரா? அந்த மூக்கில் உள்ள கிரீஸ்…”

“அக்கா! இவன மொதல்ல உள்ள கூட்டிட்டுப் போ!”

எப்போதும் இப்படித்தான். மாமா ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் ரேடியோவை ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு பின்னறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

வெளியே மாமா ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். காதைச் சாய்த்தார். அரைக்கால் சுற்றுத் திரும்பக் கொண்டுவந்தார். எஞ்சின் தேன் குடித்த வண்டு மாதிரி ரீங்கரித்தது. “ஆகா!” என்றார். இருக்கையை மாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, சோதனை ஓட்டம். அம்மா முன்னால். ரேடியோ பின்னால், சிம்மாசனத்தில். எறும்பு பக்கத்திலேயே ஓடினாள்.

“நேயர்களே, சரித்திரம் படைக்கப் போகிறோம்! இதோ வண்டி தெருமுனையைத் தாண்டுகிறது. இதோ ஏற்றம்! அம்மா முறுக்குகிறார்…”

டர்ர்ர்… புர்ர்… பொக். பொக். பொக்.

வண்டி இருமியது. பின்னாலிருந்து கரும்புகை கிளம்பியது. அந்தப் புகையில் ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கறுப்புக் கோட்டுகளாகிவிட்டன. வண்டி நின்றுவிட்டது.

மாமா ஓடிவந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரிக்கட்டை மாதிரி கறுப்பு. ஈரம் வேறு.

“பிளக்கு பிஸ்கட் நிறத்துல இருந்தா சரி. இப்படிக் கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. பெட்ரோலக் குறைச்சிருவோம்.”

வண்டி வீட்டுக்குத் திரும்பியது. இருக்கை சுவருக்குப் போனது. ரேடியோ பின்னறைக்குப் போனான். மாமா பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்ன ஓட்டை உள்ள ஜெட்டைப் போட்டார். மறுபடி “எல்லாரும் அமைதி!” மறுபடி “ஆகா!”

மதியம் மறுபடி ஏற்றம். மறுபடி பொக், பொக், பொக்.

“கனம் தாங்கலையோ?” என்றார் வேடிக்கை பார்த்த தபால்காரர்.

“இவன் என்ன யானையா?” என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ரேடியோவை இறக்கி எறும்போடு ஒரு திண்டில் உட்கார வைத்துவிட்டு, ரொட்டிக் கடையிலிருந்து ஒரு மாவு மூட்டையைக் கொண்டுவந்து முன்பக்கக் கம்பித் தட்டில் வைத்துக் கட்டினார். ரேடியோவைப்போல இரண்டு பங்கு கனம். முறுக்கினார்.

வண்டி ‘விர்ர்ர்’ என்று கத்திக்கொண்டு குன்றின் உச்சிக்குப் போய், அங்கே ஒரு வட்டம் அடித்து, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது.

“பாத்தீங்களா? கனம் இல்ல!” என்றார் அம்மா வெற்றியோடு.

ஆனால் எறும்பு அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

மூட்டையோடு வண்டி ஏறுகிறது. அம்மாவோடு ஏறுகிறது. அவன் உட்கார்ந்தால் மட்டும் நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

இது சாதாரண விஷயம் இல்லை. சாயங்காலத்துக்குள் தெருவே பதறிவிட்டது. மாடிவீட்டு அக்கா தன் காதுதான் கெட்டுப்போய்விட்டது என்று மருந்து விட்டுக்கொண்டார். கடிகாரம் பழுது பார்க்கிறவர், “மணி எல்லாம் நின்னு போச்சா?” என்று கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்.

எறும்பு பின்னறைக்குப் போனாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. பிரிக்காமல்!

“அண்ணா, மாமா மறுபடியும் ரிப்பேர் பண்றாரு. சரியாயிடும்.”

“ஆகாது.”

“ஏன்?”

“வண்டிக்கு என்னைப் பிடிக்கல, எறும்பு. எல்லாரையும் ஏத்திட்டுப் போகுது. என்னை மட்டும் ஏத்த மாட்டேங்குது.” அவன் ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை. “நாளைக்கு மிஸ்கிட்டப் போய்ச் சொல்லிடு. வேற யாரையாவது மைக் பிடிக்கச் சொல்லு.”

“அப்பாகிட்ட உன்னத் தூக்கிட்டுப் போகச் சொல்லலாமா?”

“அப்பாவால உக்காரவே முடியல. அவரு இடுப்பு போனதே என்னாலதானே?”

எறும்பு பிஸ்கட் பாக்கெட்டை அவன் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் மாமா மூன்றாம் முறையாக டியூன் செய்து முடித்து, இருக்கையை மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முறுக்கினார். விர்ர்ர்!

“கேட்டியா எறும்பு? என்ன சுருதி! இதுல போய் என்ன குறை?”

எறும்பு நீல இருக்கையையே பார்த்தாள். அது அண்ணனின் இடம் என்பதால் இதுவரை யாருமே அதில் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை. அண்ணன் தனியாக உட்கார்ந்து தோற்றுப்போன இடம். அவளுக்கு என்னவோ, அங்கே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஏறி உட்கார்ந்தாள். மாமா அதைக் கவனிக்காமல் மறுபடி முறுக்கினார்.

விர்ர்… புர்ர். பொக். பொக்.

“அய்யய்யோ! மறுபடியுமா?” மாமா தலையில் கை வைத்தார்.

எறும்பின் கண்கள் தட்டு மாதிரி விரிந்தன. இறங்கினாள்.

“மாமா, இப்ப முறுக்குங்க.”

விர்ர்ர்!

ஏறினாள். “இப்ப?”

பொக்.

இறங்கினாள். விர்ர்ர்! ஏறினாள். பொக். மேலும் கீழுமாகக் குதித்துப் பார்த்தாள். விர்-பொக்-விர்-பொக்-விர்-பொக்.

“ஏய், என்னடி பண்ற? எஞ்சினுக்கு விக்கல் எடுக்குது!”

ஏன் நிற்கிறது என்று எறும்பு யோசிக்கவில்லை. அதெல்லாம் அப்புறம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தெரிந்துவிட்டது. வாசல் நிலை, நாற்காலி, படுத்திருந்த அப்பா, எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு பின்னறைக்குப் பறந்தாள்.

“அண்ணா! என்னாலயும் நின்னுச்சு!”

“என்னது?”

“வண்டி! நான் உக்காந்தேன். பொக்குனு நின்னுச்சு! உன்னால இல்ல. உனக்கு மட்டும் இல்ல. எனக்கும் நிக்குது!”

ரேடியோ மெல்லத் திரும்பினான். “சும்மா சொல்றியா?”

“வேணும்னா வந்து பாரு!”

அவன் கை ஊன்றுகோலைத் தேடியது.

அடுத்த அரை மணி நேரத்தில் அந்த இருக்கையில் உட்காராத ஆளே தெருவில் இல்லை. தபால்காரர் உட்கார்ந்தார். பொக். மாடிவீட்டு அக்கா உட்கார்ந்தார். பொக். கடிகாரக்காரர் உட்கார்ந்து, “என்ன ஒரு சுகம்!” என்று கண்ணயர்ந்தே போனார். அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

“வண்டிக்கு யாரையுமே பிடிக்கலண்ணா!” என்று எறும்பு குதித்தாள்.

ரேடியோவின் தொண்டை கரகரத்தது. மெதுவாக, சின்னக் குரலில், ஒலிபரப்பு மீண்டும் வந்தது.

“நேயர்களே… இப்போது யார் வருகிறார்? அடடா, எதிர்வீட்டுப் பூனை! அழைப்பே இல்லாமல் ஏறுகிறது. சிம்மாசனத்தில் சுருண்டு படுக்கிறது. மாமா முறுக்குகிறார்…”

விர்ர்ர்ர்!

வண்டி நிற்கவில்லை. பூனை ஒரு கண்ணைத் திறந்து, ‘இதற்குத்தானா இத்தனை கூட்டம்?’ என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

எல்லாரும் அமைதியானார்கள். மாமா சொல்லாமலே அமைதியானார்கள்.

“பூனைக்கு மட்டும் ஓடுது” என்றான் ரேடியோ. “ஏன்னா… பூனை உக்காந்தா சீட் அமுங்கல.”

“நாம உக்காந்தா அமுங்குது!” என்றாள் எறும்பு. பூனையைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தாள். “மாமா, சீட்டக் கழட்டுங்க.”

இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். அடிப்பக்கத்தில், நாடாப் பட்டைகளின் மேல், எண்ணெய்க் கறையாக ஒரு வட்டம். டம்ளரைக் கவிழ்த்து வைத்து எடுத்தது மாதிரி. எறும்பு அந்த வட்டத்தைப் பார்த்தாள். வண்டியில் இருந்த காற்று வடிகட்டியைப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு.

“மாமா, வண்டி மூச்சு விடற இடம் இதுதானே?”

“ஆமா.”

“உங்க மூக்கு மேல ஒருத்தர் தலகாணிய வச்சு, அதுக்கு மேல உக்காந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

மாமா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, “இந்த மூக்க மறைக்கற அளவுக்குத் தலகாணி எங்க கிடைக்கும்?” என்றார்கள். மாமா அதைக் கவனிக்கவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது.

“காத்து கம்மி… நான் பெட்ரோலையே நோண்டிட்டு இருந்தேனே! ஒவ்வொரு தடவையும் சீட்டக் கழட்டிச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டுல்ல டியூன் பண்ணேன்! என் தப்பு.”

“இல்ல மச்சான். என் தப்பு.”

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றார். கவிழ்ந்து கிடந்த நீல இருக்கையைப் பார்த்தார். “உறுத்தாம இருக்கட்டும்னு பலகை வைக்காம விட்டேன். அவன் போறதையே நான்தான் தடுத்திருக்கேன்.”

“அத்தான், நான் மெக்கானிக். நான்தான் பாத்திருக்கணும்.”

“தச்சது நான். என் தப்பு.”

“என் தப்புங்கறேன்!”

“அதெப்படி உன் தப்பாகும்? என் தப்பு!”

இரண்டு பேரும் ஒரு தப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். எறும்பு நடுவில் புகுந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, சீட்டு ரொம்ப நல்லா இருக்கு. கடிகாரக்காரரே தூங்கிட்டாரு. அதுல ஒண்ணும் மாத்த வேணாம். வண்டிக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் விட்டா போதும். இருங்க!”

வீட்டுக்குள் ஓடினாள். சமையலறையில் எதுவோ உருண்டது. எதுவோ விழுந்தது. காய்கறி கழுவி நீர் வடிக்கிற, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட எவர்சில்வர் கிண்ணத்தைத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏய்! அது என் ஓட்டைக் கிண்ணம்!” என்றார் அம்மா.

எறும்பு அதை வடிகட்டியின் மேல் கவிழ்த்தாள். கச்சிதமாக மூடியது. “இப்ப சீட்டு எவ்வளவு அமுங்கினாலும் கிண்ணத்துலதான் இடிக்கும். ஓட்டை வழியா காத்து வரும்.”

மாமா கிண்ணத்தைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். ஒரு திருகாணியைத் தேடி எடுத்து, கிண்ணத்தை இறுக்கி மாட்ட ஆரம்பித்தார்.

“அப்ப நான் காய எதுல கழுவறது?” என்று அம்மா கேட்டது யார் காதிலும் விழவில்லை.

மாமா பழைய ஜெட்டையே திரும்பப் போட்டார். நீல இருக்கையை மாட்டினார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பக்கவாட்டில் கையை நுழைத்துத் திருகைத் தொட்டார். கண்ணை மூடினார்.

“எல்லாரும் அமைதி!”

ரேடியோ பழக்கத்தில் பூனையைக் கீழே விட்டுவிட்டு, ஊன்றுகோலைத் திருப்பி வீட்டுக்குள் போகத் தொடங்கினான்.

“அண்ணா, நீ எங்க போற?” எறும்பு அவன் சட்டையைப் பிடித்தாள். “மாமா, ஏறிப் போகப் போறது அண்ணன். ஆனா டியூன் பண்றப்ப எல்லாம் அண்ணனை உள்ள அனுப்பிடறோம். அவன சீட்டுல உக்கார வச்சுட்டு டியூன் பண்ணுங்க.”

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். “பேசுவானே.”

“பேசுவான்” என்றாள் எறும்பு.

மாமா யோசித்தார். தெருவே அவர் வாயைப் பார்த்தது.

“சரி, ஏறு. பேசிக்கோ. ஆனா என் மூக்கப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது.”

ரேடியோ ஏறினான். சிம்மாசனம் அமுங்கியது. எஞ்சின் ஓடியது. மாமா முறுக்கச் சொன்னார். அம்மா முறுக்கினார்.

“நேயர்களே! மாமா திருகை இடப்பக்கம் திருப்புகிறார். எஞ்சின் முனகுகிறது, அதற்கு வயிற்று வலி. இப்போது வலப்பக்கம்… கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… அதோ மாமாவின் அந்த… அந்த உறுப்பில் வியர்வை! பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை நேயர்களே! இன்னும் ஒரு பொட்டு… ஆகா! பாடுகிறது! எஞ்சின் பாடுகிறது!”

மாமாவின் கை நின்றது. அவன் ‘ஆகா’ என்ற இடத்தில்தான் நின்றது. தன் காது சொல்லித்தான் நிறுத்தினேன் என்று மாமா இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். பூனை வேறு மாதிரி சொல்கிறது.

இருட்டுவதற்குள் பாதி ஏற்றம் வரைக்கும் ஒரு சுற்று போய் வந்தார்கள். மாமா பிளக்கைக் கழற்றினார். ரேடியோ தன் பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே நிறம். பிறகு அவற்றில் ஒன்றைச் சாப்பிட்டான். நல்லவேளை, சரியானதைத்தான் சாப்பிட்டான்.

மறுநாள் காலை, வண்டி அந்தக் குன்றில் ஏறிய அழகை எப்படிச் சொல்ல? காகங்கள் வழி விட்டு ஓரமாக நின்றன. டர்ர்ர்ர் என்று ஒரே சுருதி. ஒரு இருமல் இல்லை, ஒரு பொக் இல்லை. அம்மா முன்னால், ரேடியோ பின்னால். எறும்பு முன்பக்கக் கம்பித் தட்டில், மாவு மூட்டை இருந்த இடத்தில், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமாவும் பாதி தெருவும் பின்னாலேயே நடந்தார்கள்.

அப்பாவால் மட்டும் வர முடியவில்லை. அவர் கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தார். ஜன்னலை முழுசாகத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார்.

வெயில் ஏறியது. குன்றின் மேலே ஒலிபெருக்கி ‘கொர்ர்’ என்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். டொக், டொக்.

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“நேயர்களே!”

ஊரின் கூரைகள் எல்லாவற்றையும் தடவிக்கொண்டு, அந்தக் குரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

“இந்தப் பொல்லாத ஏற்றத்தை ஏறி வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்! கால்களால் ஏறியவர்களுக்கு ஒரு வணக்கம். என்னைப்போல சிம்மாசனத்தில் ஏறியவர்களுக்கு ஒரு வணக்கம். அந்தச் சிம்மாசனத்தை இடுப்பு வலியோடு தைத்த எங்கள் அப்பா கீழே படுத்திருக்கிறார். அப்பா, கேக்குதா?”

“கேக்குதுடா” என்றார் அப்பா, வெறும் கூடத்தைப் பார்த்து.

“வண்டிக்கு மூச்சு விட இடம் கொடுத்த என் தங்கை, இதோ மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவளை யாரும் மிதித்துவிடாதீர்கள், எறும்பு அளவுதான் இருப்பாள்! முதல் போட்டி தொடங்குவதற்கு முன் ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் அம்மாவின் ஓட்டைக் கிண்ணம் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி மலையேறும். தினமும் மலையேறும். ஆகவே இன்று முதல் எங்கள் வீட்டில் காய்கறி கழுவப்படாது!”

மேலே மைதானம் முழுக்கச் சிரித்தது. கீழே அப்பாவும் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.